ரெக்கைக்கு யார் எஃப்.சி. போடுவது?

மே மாத நண்பகல், வெயில் 39 டிகிரி. நோட்டின் ஓரத்தில் போட்டு வைத்த கணக்கு இது. கடல் மட்டத்தில் காற்றின் வெப்பம் 15 டிகிரி என்று விமானிகள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி உயரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு 24 டிகிரி கூடுதல். 24ஐ 120ஆல் பெருக்கினால் 2,880. கள்ளக்குறிச்சியின் சொந்த உயரம் சில நூறு அடி. ஆக, இந்தச் சமவெளியில் நிற்கும் சின்ன விமானம் மதியம் பன்னிரண்டு மணிக்கு மூவாயிரம் அடிக்கு மேலே, கல்வராயன் மலை உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். எஞ்சினுக்கு மூச்சு குறையும், ப்ரொப்பெல்லருக்குப் பிடி குறையும், எழும்ப நீளமான ரன்வே கேட்கும். விடிகாலை ஆறு மணிக்கு அதே விமானம் அதே இடத்தில் துள்ளி ஏறும்.

விமானம் இல்லாதவன் போடும் கணக்குத்தான். இருந்தாலும் கணக்கு சரி.

*

வீட்டில் விமானம் கட்டுவது பற்றி நம் பத்திரிகைகளிடம் இருப்பது ஒரே கதை. கிராமத்து இளைஞர், பழைய பைக் எஞ்சின், அக்கம்பக்கத்துச் சிரிப்பு, கடைசியில் மாலை, கலெக்டர் பாராட்டு. விமானம் பறந்ததா என்பது நான்காம் பத்தியில் மழுப்பலாக வரும். இந்தக் கதையில் எனக்கு இருக்கும் குறை, அது ஒற்றை ஆளின் மூளையை மட்டும் கொண்டாடுகிறது என்பது. உண்மையில் வீட்டில் கட்டி, ஏறி, பத்திரமாக இறங்கியவர்களின் கதைகளைப் படித்தால் எல்லாவற்றிலும் இரண்டாவதாக ஓர் ஆள் இருக்கிறார். முதல் ஆளின் வேலையைத் தட்டிப் பார்த்து, "இதைப் பிரித்துத் திரும்பச் செய்" என்று சொல்லும் ஆள். அவரைத் தேடித்தான் இந்தக் குறிப்புகள்.

*

கிட் என்றால் என்ன வரும்? மரப்பெட்டிகள் வரும். அலுமினியத் தகடுகள் அளவாக வெட்டி, மடக்கி, துளை போட்டு வரும். ரிவெட்டுகள் எடை போட்டு வரும். தடிமனான கையேடு ஒன்று. எஞ்சின், மீட்டர்கள், பெயின்ட் தனிச் செலவு.

பெரும்பாலான நிறுவனங்கள் வாலை முதலில் தனியாக விற்கின்றன. காரணம் எளிது. வால் சின்னது, விலை குறைவு, அதில் தப்பு செய்தால் புதுத் தகடு வாங்கிவிடலாம். கட்டுகிறவருக்குப் பொறுமை உண்டா, மனைவி மக்களுக்குப் பொறுமை உண்டா என்பதும் வாலிலேயே தெரிந்துவிடும். வாலோடு நின்றுபோனவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

ரிவெட் அடிப்பது சுலபமான பாகம். நேரத்தைத் தின்பது துளைகளின் பிசிறு நீக்குவது. துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆயிரக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். தகடுகளை நிரந்தரமாக ரிவெட் அடிப்பதற்கு முன், ஸ்பிரிங் வைத்த தற்காலிக ஊசிகளால் பொருத்திப் பார்ப்பார்கள். அவற்றைக் கழற்றி, பிசிறு நீக்கி, பிரைமர் அடித்து, திரும்ப மாட்டி, அப்புறம்தான் ரிவெட். அமெரிக்காவின் ஆர்.வி. வகை விமானத்துக்கு 1,500 மணி நேரத்திலிருந்து 2,000 மணி நேரம் வரை ஆகும். சனி ஞாயிறு மட்டும் செய்கிறவருக்குப் பல வருஷம்.

*

அந்த ஆர்.வி. கிட்டுகளைச் செய்வது வேன்ஸ் ஏர்கிராஃப்ட், ஆரிகன் மாநிலத்தில். ரிச்சர்ட் வேன்குரூன்ஸ்வன் 1973இல் தொடங்கியது. வீடுகளில் கட்டப்பட்டுப் பறந்த அவர்கள் விமானங்கள் 11,000க்கும் மேல். இவ்வளவு அனுபவம் உள்ள நிறுவனமே சறுக்கியது. கொரோனா காலத்தில் ஆர்டர் குவிந்தது. வேகத்துக்காகச் சில பாகங்களின் துளைகளை இயந்திரக் குத்துளிக்குப் பதிலாக லேசரால் வெட்டினார்கள். லேசர் தொடங்கி முடிகிற புள்ளியில் துளையின் விளிம்பில் சின்ன வெட்டுக்காயம் விழுந்தது. அந்தத் துளையை ரிவெட் தலைக்காகக் குழிக்கும்போது விரிசல் கண்டது.

2023இல் வீட்டு ஷெட்டுகளில் உட்கார்ந்திருந்த சாதாரண ஆட்கள் தங்கள் துளைகளை லென்ஸ் வைத்துப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். நிறுவனம் சோதித்தது, ஏராளமான பாகங்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று. மற்றக் கடன்களும் சேர, அந்த டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த ஆண்டு மீண்டது. தொழிற்சாலையின் தரப் பரிசோதனையைத் தாண்டி வந்த குறையை லென்ஸ் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பிடித்தார்கள் என்பதை நான் இந்த நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

*

நம் பக்கத்து முதல் கதை மெட்ராஸில் நடந்தது. கார்சிகாவிலிருந்து வந்த ஜாகோமோ டி'ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகத்தையே ஆட்டிவைத்தது, இவரையும் ஆட்டியது. தானே வரைந்த வடிவத்தில் இரட்டை இறக்கை விமானம் ஒன்றைச் செய்யச் சொல்லி சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்தார். சிம்ப்சன் அப்போது கோச்சு வண்டிகளும் மோட்டார் பாடிகளும் கட்டிக்கொண்டிருந்த இடம். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது எழும்பியது. பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டுக் காட்டினார். அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே தபால் பை ஏற்றிப் பறந்தது 1911 பிப்ரவரியில்தான். மெட்ராஸ் அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தி.

டி'ஏஞ்சலிஸுக்குப் பேர் கிடைத்தது. அந்த மரச் சட்டங்களை இழைத்த சிம்ப்சன் ஆசாரிகளுக்குக் கிடைக்கவில்லை. கோச்சு வண்டிச் சக்கரம் செய்த கை, அந்த அளவு நுணுக்கமாக ஒரு மூட்டைப் பொருத்தத் தெரிந்த கை. ஹோட்டல்காரரின் வரைபடத்தைப் பார்த்து அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கற்பனை செய்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

*

தொடுபுழாவின் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் இல்லை. ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து பிடித்துக்கொண்ட ஆசை. வருஷக்கணக்கில் கட்டிய இரண்டு இருக்கை விமானம் 2014இல் பறந்தது, அதுவும் நம் மாநிலத்தில், திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில். ஓட்டியவர் விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர். 2017இல் பிருத்விராஜ் நடித்து வந்த 'விமானம்' என்ற மலையாளப் படத்துக்கு சஜியின் வாழ்க்கைதான் விதை.

படங்கள் சஜியைப் பற்றிப் பேசும், பேசத்தான் வேண்டும். நான் நாயரைப் பற்றி யோசிக்கிறேன். பட்டமில்லாத ஒருவர் கையால் கட்டியதை அனுபவப்பட்ட விமானி ஒருவர் பார்வையிட்டு, சரி என்று தோன்றிய பிறகு அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அதைவிடப் பெரிய கையெழுத்து வேறென்ன இருக்கிறது?

*

மும்பையின் அமோல் யாதவ் வேறு ரகம். தொழில்முறை விமானி. காந்திவலியில் வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். கிட் இல்லை, முழுக்க அவர் வடிவம். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பதிவுச் சான்று தந்தது 2017 நவம்பரில். எண் விடி-என்எம்டி. என்எம் யார், டி யார் என்று அந்த வருஷத்தின் பிரதமர், மகாராஷ்டிர முதல்வர் பெயர்களைப் பார்த்தால் தெரியும். பறப்பதற்கான அனுமதி 2019இல். விமானத்தைக் கட்டிய நாட்களோடு காகிதத்துக்கு அலைந்த வருஷங்களையும் சேர்த்துத்தான் அந்த விமானத்தின் வயதைச் சொல்ல வேண்டும். மாடியிலிருந்து கிரேன் வைத்து இறக்கியது அதில் சுலபமான பாகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

கச்சிராயபாளையம் ரோட்டில் டிராக்டர் டிரெய்லருக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறை. அங்கே உட்கார்ந்து ஒரு கிட் கட்டும் வீடியோவைப் போனில் காட்டினேன். பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன சார் இது, பஸ் பாடிக்கு அடிக்கிற ரிவெட்டுதானே. ஓட்டையும் அவனே போட்டுக் குடுத்துடறானா? அப்புறம் நமக்கு என்ன வேலை?"

பிசிறு நீக்குவதைக் காட்டினேன். "அது சரி, அதுக்கு ரெண்டு பசங்க போதும்" என்றார். இறக்கைக்குள் கம்பி வயர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"சரி, கட்டிட்டோம்னு வச்சுக்குங்க. எஃப்.சி. யாரு சார் போடுவா? இதுக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் யாரு?"

இத்தனை நாள் நான் படித்த கையேடுகள் கேட்காத கேள்வியை டிரெய்லர் கட்டுகிறவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். வண்டி ரோட்டில் ஓட வேண்டுமென்றால் எஃப்.சி. வேண்டும் என்று தொழிலிலேயே ஊறியவர்.

*

இங்கிலாந்தில் பதில் இருக்கிறது. லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம், 1946இல் வேறு பெயரில் தொடங்கியது. அரசின் விமானத் துறை சின்ன விமானங்களைச் சரிபார்க்கும் பொறுப்பில் பெரும்பகுதியை இவர்களிடம் விட்டிருக்கிறது. சங்கத்தின் இன்ஸ்பெக்டர் உங்கள் ஷெட்டுக்கு வருவார். பெரும்பாலும் அவரும் ஒரு விமானம் கட்டியவர். கட்டும் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்துப் போடுவார். முக்கியமாக, இறக்கையின் மேல்தகட்டை மூடும் முன் உள்ளே எட்டிப் பார்ப்பார். மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேநீர் குடித்துவிட்டு, "அந்த நட்டை மாற்று" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் பொதுமுடக்கக் காலத்தில் லண்டன் பக்கம் கட்டிய நான்கு இருக்கை விமானம் இப்படி வந்ததுதான். தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனத்து டி.எஸ்.ஐ. கிட். பதினெட்டு மாதம், ஏறக்குறைய 1,40,000 பவுண்டு. இளைய மகள் பெயரில் 'ஜி-தியா' என்று வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். 2022இல் இந்தியச் செய்தித்தாள்கள் எல்லாம் அவரைப் போட்டன. இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒரு வரி எங்கும் காணோம்.

அமெரிக்காவில் விதி இன்னும் வேடிக்கை. வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும் செய்திருக்க வேண்டும். அதைக் காட்டப் படமும் நாட்குறிப்பும் வைத்திருக்க வேண்டும். அப்புறம் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள், பயணி இல்லாமல் பறந்து காட்ட வேண்டும்.

இந்தியாவில் இரண்டு இருக்கை மைக்ரோலைட்டுக்குத் தனி விதி உண்டு, எடை வரம்பு உண்டு, பாதுகாப்பு அனுமதி உண்டு. ஷெட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும் இன்ஸ்பெக்டர் இல்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

*

இதிலுள்ள முரண் பெங்களூரில். பிரெஞ்சுக்காரர் ஜோயல் கோஷ்லான் அங்கே நடத்திய ராஜ்ஹம்சா நிறுவனம் எக்ஸ்-ஏர் என்ற இரண்டு இருக்கை மைக்ரோலைட் கிட்டைச் செய்து இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அனுப்பியது. அலுமினியக் குழாய்ச் சட்டம். அதன்மேல் தைத்து வந்த டேக்ரான் துணியைத் தலையணைக்கு உறை மாட்டுவதுபோல இழுத்து மாட்டி இறுக்க வேண்டும். ரிவெட் வேலை குறைவு, போல்ட் வேலை அதிகம். பின்னால் வந்த மாடலுக்குப் பெயர் 'ஹனுமான்'. இங்கிலாந்தில் அதையே 'ஹாக்' என்று மாற்றி விற்றார்கள். கிருஷ்ணகிரி தாண்டினால் வரும் ஊரில் வெட்டிய குழாயை யார்க்‌ஷயர் விவசாயி தன் ஷெட்டில் பூட்டி, உள்ளூர் இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கிப் பறந்துகொண்டிருந்தார்.

நம் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் ஓட்டிய ஜென்ஏர் சி.எச். 701கூட அடிப்படையில் ஒரு கிட் விமானம்தான். கிறிஸ் ஹைன்ட்ஸ் வீட்டில் கட்டுகிறவர்களை நினைத்து வரைந்தது.

*

இடத்துக்குப் பஞ்சமில்லை. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறது. கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் எல்லாம் அதே காலத்தவை. சோழவரத்தில் பின்னால் கார் ரேஸ் நடந்தது. உளுந்தூர்பேட்டையில் விமானம் வரப்போகிறது என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழும்பி இறங்கும். போர்க்கால விமானங்களுக்கென்று போட்ட நீளத்தில் ஒரு மைக்ரோலைட் எழும்பி, இறங்கி, திரும்ப எழும்பலாம். அதற்குச் சில நூறு மீட்டர் போதும்.

*

கல்வராயன் பக்கம் பறப்பது பற்றி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து. மலை மேற்கே, நாம் கிழக்கே. மலையைத் தாண்டி வரும் காற்று நம் பக்கத்துச் சரிவில் கீழே அழுத்தும், சுழலும். நூறு குதிரைத்திறன் எஞ்சின் உள்ள விமானம் அந்த இறக்கக் காற்றில் மாட்டினால் முழு வேகத்திலும் கீழேதான் போகும். கோமுகி அணைக்கு மேலே அழகாக இருக்கும் என்று அந்த மாதங்களில் மாலையில் கிளம்பக் கூடாது.

எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவது என்று பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போவேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு சக்கரத்தைப் பிடித்துக் குப்புறத் தள்ளும். அறுத்த நெல் வயல் பரவாயில்லை, வரப்புதான் எதிரி. மரவள்ளிக் காட்டில் பாத்தி ஓடும் திசை பார்த்து இறங்க வேண்டும். கோடையில் காய்ந்த ஏரிதான் நல்ல இடம், ஆடு மேயாவிட்டால்.

*

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு. 2011இல் வீட்டில் கட்டிய விமானங்கள் அங்குள்ள பொதுப் பறப்பு விமானங்களில் ஏறக்குறைய பத்து சதவீதம். விபத்துகளில் 15 சதவீதம், உயிர்ப்பலி விபத்துகளில் 21. ஆனால் உள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது. விபத்தானவற்றில் பாதிக்கு மேல் கட்டியவர் கையில் இல்லை. பழையதாக வாங்கியவர் கையில். கட்டியவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். வாங்கியவர் சாவியை வாங்கிக்கொண்டு முதல் நாளே ஏறிவிடுகிறார்.

*

எண்ணெய்க் கவலை. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின்தான் உலகத்துச் சின்ன விமானங்களின் பொது எஞ்சின். சாதாரண பெட்ரோலில் ஓடும் என்பது அதன் பெருமை. ஆனால் பத்து சதவீத எத்தனால் வரைதான் அனுமதி. 2025இல் நம் பெட்ரோல் பங்குகளில் இருபது சதவீதம் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பைக்கில் அது நடந்தால் தள்ளிக்கொண்டு போகலாம்.

மூங்கில்துறைப்பட்டும் கச்சிராயபாளையமும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஊர்கள். கரும்புக்காரன் எத்தனாலைத் திட்டக் கூடாது. விமானக்காரனாக மட்டும் திட்டிக்கொள்கிறேன்.

விமானத்துக்கென்றே இருக்கும் ஏவ்கேஸ் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2022இலிருந்து இங்கேயே காய்ச்சுகிறது. ரோட்டாக்ஸ் அதிலும் ஓடும். ஆனால் அதில் ஈயம் உண்டு. ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

*

கள்ளக்குறிச்சியில் கட்டி முடித்து உளுந்தூர்பேட்டைக்கு எப்படிக் கொண்டுபோவது? எக்ஸ்-ஏர் மாதிரி விமானத்தின் இறக்கை விரிப்பு பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கழற்றினால் ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்குள். 17 அடி ஐஷர் வண்டியின் தொட்டி ஏறக்குறைய 5.2 மீட்டர். சரியாக உட்காரும். உடலுக்கு இன்னொரு வண்டி, வால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிவப்புத் துணி கட்ட வேண்டும். தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியாக நான்குவழிச் சாலை. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் சேர்ந்துவிடலாம்.

இ-வே பில்லில் சரக்கின் எண் போட வேண்டும். முழு விமானத்துக்கு 8802, உதிரிப் பாகத்துக்கு 8807. இறக்கை ஒரு வண்டியிலும் உடல் ஒரு வண்டியிலும் போனால் எதைப் போடுவது என்று ஆடிட்டரைக் கேட்க வேண்டும்.